கனடாவின் காதுகேளாதோர் வரலாற்றில் சைகைமொழி உரைபெயர்ப்பாளர்: அறப்பணியிலிருந்து அரசியலமைப்பு உரிமை வரை

1. முன்னுரை

ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இருவரிடையே நின்று பேச்சைக் கொண்டுசெல்பவர் தமிழர் வரலாற்றுக்குப் புதியவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த துபாஷிப் பதவியும், பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையின் நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் பணியாற்றிய மொழிபெயர்ப்பு முதலியார்களின் செல்வாக்கும் நாம் அறிந்தவை. அவர்கள் அதிகாரத்தின் பக்கத்தில் நின்றவர்கள். ஆள்வோருக்குத் தேவைப்பட்டதால் பதவியும் ஊதியமும் பெற்றவர்கள். காதுகேளாதோருக்கும் கேட்போருக்கும் இடையே நின்ற உரைபெயர்ப்பாளரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நெடுங்காலம் அவருக்குப் பதவிப்பெயர் இல்லை, ஊதியம் இல்லை, பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் பிள்ளையாகவே இருந்தார்.

இந்தப் பணி எவ்வாறு அறப்பணி என்ற நிலையிலிருந்து தொழிலாகவும், பின்னர் அரசியலமைப்பு உரிமையாகவும் மாறியது என்பதைக் கனடாவை நிலைக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கனடாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது, சைகைமொழி உரைபெயர்ப்பை மருத்துவமனையில் பெறுவது அரசியலமைப்பு தரும் சமத்துவத்தின் பாற்பட்டது என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. இரண்டாவது, அந்நாட்டின் அரசியலமைப்பில் காதுகேளாதோரின் உரைபெயர்ப்பு உரிமையும், நீதிமன்ற மொழி அறியாத குடியேறிகளின் உரைபெயர்ப்பு உரிமையும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றுள்ளன. கனடாத் தமிழர் அவ்வாக்கியத்தின் ஒரு பாதியால் பயனடைந்தவர்கள். மறு பாதியை அவர்கள் எவ்வாறு நோக்குகிறார்கள் என்பது இக்கட்டுரை இறுதியில் எழுப்பும் வினா.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. எழுத்தைப் பெயர்ப்பவரை மொழிபெயர்ப்பாளர் என்றும், பேசும்போதே பெயர்ப்பவரை உரைபெயர்ப்பாளர் என்றும் வேறுபடுத்தும் ஈழத்து வழக்கு இங்குப் பின்பற்றப்படுகிறது. ‘ஊமை’, ‘செவிடு’ என்னும் சொற்கள் இழிவுப்பொருள் ஏற்றுவிட்டமையால் அவை தவிர்க்கப்படுகின்றன. கேளாமை என்பது உடற்குறை. காதுகேளாதோர் என்பது ஒரு மொழியால் பிணைக்கப்பட்ட சமூகம். இவ்வேறுபாட்டைக் காட்டவே, சமூகத்தைக் குறிக்கும்போது அச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதும் வழக்கம் 1970கள் முதல் ஆங்கிலத்தில் பரவியது.

2. பள்ளிகளும் மொழியும்

சைகைமொழி உலகுக்கெல்லாம் பொதுவான ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. உண்மையில் ஒவ்வொரு சைகைமொழியும் தனக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் கொண்டது. அமெரிக்கச் சைகைமொழி பிரெஞ்சு மரபோடு உறவுடையது. தோமஸ் கலோடெட் என்னும் அமெரிக்கரின் அழைப்பை ஏற்றுப் பாரிஸ் பள்ளியின் காதுகேளாத ஆசிரியர் லோரான் கிளேர் 1816இல் கப்பலேறினார். 1817இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அவர்கள் தொடங்கிய பள்ளியில் பிரெஞ்சுச் சைகைகளும் அமெரிக்க மண்ணில் முன்பே வழங்கிய சைகைகளும் கலந்தன. பிரித்தானியச் சைகைமொழி இதனின் முற்றிலும் வேறானது. எழுத்துகளைக் காட்டப் பிரித்தானியர் இரு கைகளையும், அமெரிக்கர் ஒரு கையையும் பயன்படுத்துவதே இவ்வேறுபாட்டின் எளிய அடையாளம்.

கனடாவில் இவ்விரு மரபுகளும் சந்தித்தன. ஹார்ட்ஃபோர்டில் பயிற்சி பெற்ற ரொனால்ட் மக்டொனால்ட் 1831இல் கியூபெக் நகரில் பள்ளியொன்றைத் தொடங்கினார். நிதியின்மையால் அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1856இல் ஹலிஃபாக்ஸ் பள்ளியைத் தோற்றுவித்தவர்கள் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த காதுகேளாதோராதலின், அட்லாண்டிக் கரையோர மாகாணங்களில் பிரித்தானிய மரபு வேரூன்றியது. ஒன்ராறியோவின் பெல்வில் பள்ளி 1870இல் திறக்கப்பட்டபோது, அங்கே ஆசிரியராகச் சேர்ந்த சாமுவேல் கிறீன் தாமே காதுகேளாதவர். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் கியூபெக் சைகைமொழி வளர்ந்தது. ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பழங்குடியினரிடையே சைகைமொழிகள் வழங்கிவந்தன. சமவெளிப் பழங்குடியினர் பேச்சுமொழி வேறுபட்ட இனக்குழுக்களோடு உறவாடவும் சைகைமொழியைக் கையாண்டனர் என்பது மொழி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது.

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காதுகேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவைப் படிக்கவும் குரலெழுப்பிப் பேசவும் கற்பிப்பதே சிறந்தது எனத் தீர்மானித்தது. ஒன்ராறியோவில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த தொலைபேசி அறிஞர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இம்முறையின் பெரும் ஆதரவாளர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கனடாவின் வகுப்பறைகளிலும் வாய்மொழி முறை மேலோங்கியது. சைகைமொழி அழியவில்லை, விடுதி அறைகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் காதுகேளாதோர் சங்கங்களுக்கும் ஒதுங்கியது.

உரைபெயர்ப்பின் வரலாற்றுக்கு இதன் விளைவு பெரிது. ஒரு மொழி மொழியே அன்று என்று கருதப்படும் இடத்தில் அதிலிருந்து பெயர்ப்பவருக்கு இடமில்லை. வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் வெளியிட்ட ஆய்வு, கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய உறுப்புகளால் ஒவ்வொரு சைகையும் அமைகிறது எனக் காட்டி, அமெரிக்கச் சைகைமொழியை மொழியியலின் வட்டத்துக்குள் கொணர்ந்தது. தொழில்முறை உரைபெயர்ப்பாளர் அமைப்பு அதற்கு நான்கு ஆண்டுகளின் பின் தோன்றியது.

3. உரைபெயர்ப்பாளர் என்ற பெயர் தோன்றுமுன்

ஆங்கிலப் பொதுச்சட்டம், பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் உள்ளவரை அறிவுத்திறன் அற்றவர் என்றே முதலில் அனுமானித்தது; அவருக்கு விளங்கும் ஆற்றல் உண்டென்பதை நிறுவும் சுமை மறுதரப்பைச் சார்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையை எதிர்கொள்ளத் தக்கவரா என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் 1836ஆம் ஆண்டின் பிறிட்சார்ட் வழக்கு, கேளாத பேசாத ஒருவரைப் பற்றியதே. நீதிமன்றம் கேட்ட முதல் வினா அவர் என்ன செய்தார் என்பதன்று. அவருக்கு விளங்குமா என்பதே. அந்த வினாவுக்கு விடைகாண அவர் மொழி அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ஒருவராக நின்றோர் மூவகையினர். காதுகேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் முதல் வகை. காதுகேளாதோர் சபைகளில் ஊழியம் செய்த மதகுருமார் இரண்டாம் வகை. காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த கேட்கும் பிள்ளைகள் மூன்றாம் வகை. மூவரும் ஊதியம் கருதாது உதவினர். ஆனால் மூவரின் உதவியிலும் இடர் இருந்தது. ஆசிரியர் தம் பழைய மாணவரை வளர்ந்த பின்னும் மாணவராகவே நோக்கினார். மதகுரு, கேட்ட இரகசியத்தோடு அறிவுரையும் சேர்த்தே வழங்கினார். பிள்ளையோ தன் வயதுக்கு மீறிய செய்திகளைத் தாங்கவேண்டியிருந்தது. தாயின் நோயை மருத்துவர் வாயிலாக முதலில் அறிந்து, பின் தாய்க்கு அறிவிக்கும் சுமை அதன் மேல் விழுந்தது.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மூன்றாம் வகை நன்கு தெரியும். ஆங்கிலம் கற்ற பேத்தி மருத்துவமனையில் அம்மம்மாவுக்காகப் பேசும் காட்சி ரொறன்ரோவிலும் லண்டனிலும் அன்றாடம் நிகழ்வது. பேத்தி சிலவற்றைச் சுருக்குகிறாள், சிலவற்றை மென்மையாக்குகிறாள், சிலவற்றைச் சொல்லாமலே விடுகிறாள். அன்பினால் செய்யப்படும் இந்த விடுகைகள் ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கின்றன.

தமிழ் இலக்கணம் இதனை விளக்க ஒரு நல்ல கருவியைத் தருகிறது. வீட்டார் பெயர்க்கும்போது “நெஞ்சு நோகுதாம்” என்கிறார்கள். ‘ஆம்’ என்னும் அந்த ஒட்டு, சொல்பவர் தமக்கும் சொல்லப்படுவதற்கும் இடையே போடும் வேலி. நோயாளி அங்கேயே இருக்க, அவரை அங்கில்லாதவராக்கும் வேலியும் அதுவே. தொழில்முறை உரைபெயர்ப்பாளர் தன்மையிலேயே பேசுகிறார்: “எனக்கு நெஞ்சு நோகிறது.” மருத்துவர் நோயாளியின் முகத்தை நோக்கி விடையளிக்கிறார். உறவினர் உதவிக்கும் தொழிற்பணிக்கும் இடையிலான முழுத் தொலைவையும் அந்த ஓரொட்டின் நீக்கத்தில் காணலாம்.

4. தொழிலாக உருவெடுத்தல்

1964 ஜூன் மாதம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், போல் ஸ்டேட் ஆசிரியர் கல்லூரியில் கூடிய பயிலரங்கு இத்துறையின் திருப்புமுனை. உரைபெயர்க்கத் தக்கவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை உருவாக்கும் நோக்கில் அங்கே ஓர் அமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழில்சார் மறுவாழ்வுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் உரைபெயர்ப்பை ஊதியத்துக்குரிய சேவையாக ஏற்றது. இதன் அலை வடக்கேயும் பரவி, கனடாவில் தேசிய உரைபெயர்ப்பாளர் சங்கம் 1979இல் நிறுவப்பட்டது. கல்லூரிகளில் பயிற்சி நெறிகளும், பின்னர் தேசியத் தேர்வும் சான்றிதழும் அமைந்தன.

இத்தொழில் மூன்று நெறிகளின் மேல் நிற்கிறது: கேட்டதைக் காத்தல், எப்பக்கமும் சாராதிருத்தல், கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்த்தல். இவற்றுள் முதலாவது காதுகேளாதோர் சமூகத்தில் தனி அழுத்தம் பெறுகிறது. ஒரு நகரில் உள்ள காதுகேளாதோர் ஒருவரையொருவர் அறிவர். திங்களன்று மணமுறிவு வழக்கில் ஒருவருக்காகப் பெயர்த்த உரைபெயர்ப்பாளர், சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவரையும் அவர் கணவரையும் சந்திக்க நேரும்.

பெயர்த்தலின் நுட்பமும் தனித்தது. அமெரிக்கச் சைகைமொழியில் ஆம் – இல்லை விடை வேண்டும் வினாவுக்குப் புருவம் உயர்கிறது. யார், ஏன் போன்ற வினாக்களுக்குப் புருவம் சுருங்குகிறது. பேசப்படும் ஆள்கள் உடலின் முன்னுள்ள வெளியில் இடம் பெற்று, பின்னர் அந்த இடத்தைச் சுட்டியே குறிக்கப்படுகின்றனர். ஆகவே முகமும் வெளியும் அம்மொழியின் இலக்கண உறுப்புகள். பரதநாட்டிய முத்திரைகளையும் திருக்குறளின் குறிப்பறிதலையும் சைகைமொழிக்கு ஒப்பிடும் நம்மவர் இவ்விடத்தில் தவறுகின்றனர். குறிப்பு உய்த்துணரப்படுவது, மொழி இலக்கணத்தால் பொருள் தருவது. கேட்டுக்கொண்டே கையால் பெயர்ப்பது மூளையையும் தோளையும் விரைவில் சோர்வுறச் செய்வதால், நீண்ட நிகழ்வுகளில் இருவர் ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறிப் பணியாற்றுகின்றனர். அமைப்பாளர் பலர் இதனை வீண்செலவு என எண்ணுவதுண்டு. சோர்ந்த உரைபெயர்ப்பாளர் விடும் பிழையைக் காதுகேளாதவரால் கண்டறிய முடியாது என்பதே இருவர் தேவைப்படுவதன் காரணம்.

5. ஒரே வாக்கியத்தில் இருவர்

கனடா 1960இல் இயற்றிய உரிமைகள் சட்டம், விசாரணை நடைபெறும் மொழியை விளங்காதவருக்கு அல்லது பேசாதவருக்கு உரைபெயர்ப்பாளர் உரிமையை வழங்கியது. அதில் காதுகேளாதோர் பற்றிய சொல் இல்லை. 1982 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமைகள் சுதந்திரங்கள் சாசனத்தின் 14ஆம் பிரிவு அந்தக் குறையை நீக்கியது. விசாரணை மொழியை விளங்காத அல்லது பேசாத தரப்பினர், சாட்சி ஆகியோருடன் காதுகேளாதவருக்கும் உரைபெயர்ப்பாளரின் துணையைப் பெறும் உரிமை அவ்வொரு வாக்கியத்திலேயே உறுதி செய்யப்பட்டது.

இச்சேர்க்கை ஆழமான பொருளுடையது. காதுகேளாதவரின் தேவை மருத்துவத் தேவை என்ற வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, மொழித் தேவை என்ற வரிசையில் வைக்கப்பட்டது.

இப்பிரிவின் தரம் எதுவென்பதை 1994ஆம் ஆண்டின் ட்ரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. வியட்நாமிய மொழி பேசிய ஒருவரின் வழக்கு அது. அவரது உரைபெயர்ப்பாளரே ஒரு கட்டத்தில் சாட்சியாகவும் அழைக்கப்பட்டார். தம் சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முழுமையாகப் பெயர்க்காமல் சுருக்கிக் கூறினார். தலைமை நீதியரசர் லேமர் எழுதிய தீர்ப்பு, உரைபெயர்ப்பு இடையறாததாகவும், துல்லியமானதாகவும், பக்கச்சார்பற்றதாகவும், தகுதியுடையவரால் செய்யப்படுவதாகவும், உடனுக்குடன் நிகழ்வதாகவும் இருக்கவேண்டும் என்றது. சுருக்கம் உரைபெயர்ப்பாகாது. வியட்நாமியருக்காக எழுதப்பட்ட இந்த ஐந்து அளவுகோல்கள் 14ஆம் பிரிவின் வழியே காதுகேளாதோருக்கும் உரியவை.

ஈழத்தமிழரின் கனடா வரலாறு இக்காலத்தோடு பின்னிப் பிணைந்தது. 1985 ஏப்ரலில், சீக்கியர் சிலர் தொடுத்த சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை முடிவு செய்யப்படுமிடத்து அவரை நேரில் கேட்டே தீரவேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவரால் மீட்கப்பட்டனர். 1989இல் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. அதன் விசாரணை அறைகளில் ஆயிரக்கணக்கான தமிழர் தம் கதையைத் தமிழிலேயே கூறினர். உரைபெயர்ப்பாளருக்கான செலவை அரசு ஏற்றது. ட்ரான் தீர்ப்பின் அளவுகோல்கள் அகதி விசாரணைக்கும் பொருந்தும் என 2001இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஒரு சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டால் ஓர் உயிர் திருப்பி அனுப்பப்படலாம் என்பதைத் தமிழர் தம் அனுபவத்தில் அறிந்தனர்.

6. எல்ட்ரிட்ஜ் வழக்கு

14ஆம் பிரிவு விசாரணை மன்றங்களுக்கு உரியது. மருத்துவமனைக்கு என்ன விதி? இவ்வினா பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலிருந்து எழுந்தது. வன்கூவர் பகுதியில் தனியார் நிறுவனம் ஒன்று காதுகேளாத நோயாளருக்கு இலவசமாக உரைபெயர்ப்பாளரை வழங்கிவந்தது. நிதி போதாமையால் 1990இல் அது சேவையை நிறுத்தியது. மாகாண அரசிடம் கேட்ட உதவியும் மறுக்கப்பட்டது.

வழக்காளர் மூவர். அவர்களுள் இருவர் கணவனும் மனைவியும், இருவருமே காதுகேளாதவர்கள். மனைவிக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. உரைபெயர்ப்பாளர் இல்லை. பேற்றின்போது ஒரு குழந்தையின் இதயத் துடிப்புக் குறைந்ததைத் தாதி சைகை காட்டியே உணர்த்த முயன்றார். பிறந்தவுடன் குழந்தைகள் எடுத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் நலம் என ஒரு தாளில் எழுதிக் காட்டப்பட்டதைத் தவிர, தாய்க்கு எதுவும் விளக்கப்படவில்லை. வழக்கின் பதிவேட்டில் உள்ள இச்செய்தி எந்தச் சட்ட வாதத்தையும் விட வலுவானது. மருத்துவம் அங்கே குறைவின்றி அளிக்கப்பட்டது. அதனைப் பெற்றவருக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

மாகாணத்தின் இரு நீதிமன்றங்களும் வழக்கைத் தள்ளின. எல்லோருக்கும் ஒரே மருத்துவம் இலவசமாக வழங்கப்படுகிறது, உரைபெயர்ப்பு மருத்துவமன்று, ஆகவே பாகுபாடு இல்லை என்பது அரசின் வாதம். 1997 அக்டோபர் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதனை மறுத்தது. நீதியரசர் லா ஃபொரெஸ்ட் எழுதிய தீர்ப்பின்படி, மருத்துவருடன் தொடர்பாடல் மருத்துவத்தின் பிரிக்கவியலாப் பகுதி. கேட்போர் இலவசமாகப் பெறும் ஒன்றைக் காதுகேளாதோர் பணம் கொடுத்துப் பெறவேண்டியிருந்தால் அது சாசனத்தின் 15ஆம் பிரிவு உறுதியளித்த சமத்துவம் ஆகாது. பயனுள்ள தொடர்பாடலுக்குத் தேவையான இடத்தில் உரைபெயர்ப்பாளர் வழங்கப்பட வேண்டும். மாகாணம் முழுவதற்கும் இச்சேவையின் மதிப்பிடப்பட்ட செலவு 150,000 டொலர்; அக்காலத்து மாகாணச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 0.0025 வீதம்.

தமிழ் ஆய்வாளர் கவனிக்கவேண்டிய பகுதி இதற்கு அடுத்து வருகிறது. அரசு நிதியை மறுத்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று முன்னுதாரணம் பற்றிய அச்சம். காதுகேளாதோருக்குக் கொடுத்தால், மொழித் தடையுள்ள பிற இனக்குழுவினரும் மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளரைக் கேட்பார்களே என்பதுதான் அது. குடியேறிகளாகிய நாம் கேட்காத ஒன்றை நாளை கேட்டுவிடுவோம் என்ற கணக்கில், காதுகேளாத ஒரு தாய்க்கு அவருடைய பிள்ளைகளைப் பற்றிய செய்தி மறுக்கப்பட்டது. நீதிமன்றம் இந்த ஊகத்தை ஏற்கவில்லை. வேறொரு பிரிவினர் வருங்காலத்தில் தொடுக்கக்கூடிய வழக்கு, இன்று காதுகேளாதோரின் உரிமையை மீறுவதற்கு நியாயமாகாது என்றது. 14ஆம் பிரிவு இருவரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தது. நிர்வாகம் ஒருவரைக் காட்டி மற்றவருக்கு மறுத்தது. சிறுபான்மையினரை ஒருவருக்கெதிராக ஒருவர் நிறுத்தும் இந்த வழக்கத்துக்கு எல்ட்ரிட்ஜ் வழக்கு தெளிவான சான்று.

7. அவை, தொலைபேசி, திரை

உரைபெயர்ப்பாளரின் இடம் நீதிமன்றத்தோடும் மருத்துவமனையோடும் முடியவில்லை. 1990இல் ரொறன்ரோவின் கிழக்கு யோர்க் தொகுதியிலிருந்து ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குத் தெரிவான கரி மல்கோவ்ஸ்கி, சைகைமொழியில் சட்டமன்றத்தில் உரையாற்றிய முன்னோடியாவார். உறுப்பினரல்லாதார் நுழையலாகாத அவையில் அவருக்காக உரைபெயர்ப்பாளர் நின்றனர். 1993இல் அம்மாகாணம் சைகைமொழிகளைக் கல்வி மொழிகளாக ஏற்றது. பள்ளியில் விலக்கப்பட்ட மொழி, சட்டத்தின் வழியே பள்ளிக்குத் திரும்பியது.

கூட்டாட்சி அரசின் சேவைகளைப் பெறுவதிலும் கலந்தாய்வுகளில் பங்குகொள்வதிலும் உரைபெயர்ப்பு வழங்கப்பட வேண்டும் எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமைகள் உடன்படிக்கை, தொழில்முறைச் சைகைமொழி உரைபெயர்ப்பாளரைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. இந்தியா 2007இலும், கனடா 2010இலும், இலங்கை 2016இலும் அதனை ஏற்புறுதி செய்தன. 2016இல் கனடாவில் காணொளி வழித் தொலைபேசிச் சேவை தொடங்கியது. காதுகேளாதவர் திரையில் சைகை காட்ட, உரைபெயர்ப்பாளர் மறுமுனையில் உள்ளவருக்குக் குரலால் பெயர்க்கிறார். 2019 ஜூன் மாதம் சட்டமான அணுகத்தக்க கனடாச் சட்டம் அமெரிக்க, கியூபெக், பழங்குடிச் சைகைமொழிகளைக் காதுகேளாதோரின் முதன்மைத் தொடர்பாடல் மொழிகளாக ஏற்றது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பிரித்தானிய கொலம்பியாவின் சுகாதார அறிவிப்புகளில் தோன்றி மக்கள் மனத்தில் இடம்பெற்ற நைஜல் ஹவர்ட் தாமே காதுகேளாதவர். கேட்கும் உரைபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்திலிருந்து சைகைக்குப் பெயர்க்க, அதனைக் கண்டு அவர் தாய்மொழியாளருக்கேயுரிய தெளிவோடு மக்களுக்குச் சொன்னார். உரைபெயர்ப்பு என்பது கேட்போர் கேளாதோருக்குச் செய்யும் உதவி என்ற பழைய எண்ணத்தை இது மாற்றுகிறது. காதுகேளாதோரும் உரைபெயர்ப்பாளரே. பள்ளியறியாதவர், வீட்டுச் சைகை மட்டுமே அறிந்தவர், வேறு நாட்டுச் சைகைமொழியோடு வந்தவர் ஆகியோருக்குப் பெயர்ப்பதில் அவர்களின் திறன் கேட்கும் உரைபெயர்ப்பாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

8. தமிழரிடையே காதுகேளாதோர்

கடைசியாகச் சொன்ன இச்செய்தி புலம்பெயர்ந்த தமிழரை நேரடியாகத் தொடுகிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ள நஃபீல்ட் பள்ளியில் பயின்ற ஒருவர் கனடாவுக்கு வரும்போது அவர் கைகளில் உள்ள மொழி அமெரிக்கச் சைகைமொழி அன்று. போர்க்காலத்தில் பள்ளிக்கே செல்ல இயலாதவர் வீட்டுச் சைகைகளோடு மட்டும் வருகிறார். குண்டுவெடிப்பில் கேட்கும் திறனை இழந்தவர் தமிழை எழுதவும் படிக்கவும் அறிவார்; சைகைமொழி அறியார். மூவரும் காதுகேளாதோர் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படினும், அகதி விசாரணையில் மூவருக்கும் வேண்டிய துணை வெவ்வேறு. ட்ரான் வழக்கின் ஐந்து அளவுகோல்களையும் முதல் இருவருக்கு நிறைவேற்றக் காதுகேளாத உரைபெயர்ப்பாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள நேரிடும்.

கனடாவிலேயே பிறந்த காதுகேளாத தமிழ்ப் பிள்ளையின் நிலை வேறு. பள்ளியில் அமெரிக்கச் சைகைமொழியும் எழுத்தில் ஆங்கிலமும் அதன் மொழிகள். வீட்டில் தமிழ். கல்லூரிகள் உருவாக்கும் உரைபெயர்ப்பாளர்கள் சைகைமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே, அல்லது சைகைமொழிக்கும் பிரெஞ்சுக்கும் இடையே பணியாற்றப் பயின்றவர்கள். ஆகவே தமிழில் நிகழும் திருமணம், அந்தியேட்டி, கோயில் சொற்பொழிவு ஆகியவை அப்பிள்ளையை அடைய, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து சைகைக்கும் என இருமுறை பெயரவேண்டும். அரசு அலுவலகத்தில் அப்பிள்ளைக்கு உரைபெயர்ப்பு உரிமை உண்டு. தன் பாட்டனாரின் இறுதிச் சடங்கில் அத்தகைய உரிமையை எச்சட்டமும் தரவில்லை. அங்கே அதனைத் தரவேண்டியது குடும்பமும் சமூகமும்.

தாயகத்திலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. இந்தியச் சைகைமொழி ஆய்வு பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் நிறுவப்பட்டு, 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, உரைபெயர்ப்பாளர் துணையோடு இந்திய உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். துபாஷிகள் ஆள்வோருக்காகப் பேசிய நாட்டில், வழக்காடுபவரின் கைகளுக்காக ஒருவர் குரல் கொடுத்த நாள் அது.

9. முடிவுரை

சைகைமொழி உரைபெயர்ப்பாளரின் வரலாற்றில் மூன்று படிகளை இக்கட்டுரை காட்டியது. உறவினரும் ஆசிரியரும் மதகுருவும் இரக்கத்தால் பெயர்த்தது முதற்படி. பயிற்சியும் நெறிகளும் கொண்ட தொழிலாக அது உருவெடுத்தது இரண்டாம் படி. அரசு வழங்கவேண்டிய உரிமையாக நீதிமன்றம் அதனை ஏற்றது மூன்றாம் படி. ஒவ்வொரு படியிலும் காதுகேளாதோரே இயக்குவிசையாக நின்றனர். பள்ளிகளைத் தொடங்கியவர், வழக்குத் தொடுத்தவர், சட்டமன்றத்தில் பேசியவர் ஆகியோருள் அவர்கள் முன்னின்றனர்.

தமிழியலுக்கு இவ்வரலாறு ஒரு வினாவை விட்டுச்செல்கிறது. தமிழர் என்போரைத் தமிழ் பேசுவோர் என்றே நாம் வரையறுத்து வந்துள்ளோம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தமிழைக் காதால் கேளாது, கைகளால் வேறொரு மொழி பேசும் பிள்ளை அந்த வரையறையின் உள்ளேயா, புறத்தேயா? உள்ளே என்போமாயின், புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், அரங்குகள் ஆகியவற்றின் வரவுசெலவுத் திட்டத்தில் உரைபெயர்ப்பாளருக்கு ஓர் இடம் வேண்டும். தமிழறிந்த இளைஞர் சைகைமொழி உரைபெயர்ப்புப் பயிற்சிக்குச் செல்ல ஊக்கமும் உதவித்தொகையும் வேண்டும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கும் சைகைகள் பதிவுசெய்யப்பட வேண்டும். அகதி விசாரணை அறையில் தமக்காக ஒருவர் பேசியதை நினைவில் கொண்டுள்ள தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 14ஆம் பிரிவின் மறு பாதியைப் படித்துக்காட்டத் தகுதி வாய்ந்தோர் அவர்களே.